உடற்கூற்று ஓவியமும் ஹென்றி வான்டைக் கார்ட்டரும்

உடற்கூற்று ஓவியம் என்பது, அறுத்து ஆராயப்பட்ட மனித உடலின் எலும்பு, தசை, நரம்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றை மருத்துவக் கல்விக்காக வரைந்து காட்டும் கலையாகும். இக்கலையின் தொடக்ககாலப் படைப்புகளில் அறிவியல் நுட்பமும் பார்ப்பவரைக் கலங்கச் செய்யும் தன்மையும் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன. 1543இல் பாசல் நகரில் வெளிவந்த ஆண்ட்ரியாஸ் வெசாலியஸின் நூலில், தோலுரிக்கப்பட்ட மனிதர்கள் குன்றுகள் சூழ்ந்த வெளியில் உயிருள்ளோர்போல் நிற்க, படத்துக்குப் படம் அவர்களுடைய தசைகள் அடுக்கடுக்காகக் களையப்படுகின்றன. 1685இல் வெளிவந்த கோவர்ட் பிட்லோவின் நூலுக்குப் படம் வரைந்த ஹெரார்ட் டி லைரெஸ், பிணத்தைக் கட்டிய கயிற்றையும், தசையில் குத்திய ஊசியையும், உடல்மேல் அமர்ந்த ஈயையும்கூட விடாமல் தீட்டினார்.

இவ்விரு போக்கிலிருந்தும் விலகியவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் (1831–1897). லண்டன் மருத்துவர் ஹென்றி கிரேயுடன் சேர்ந்து பிணங்களை அறுத்தாய்ந்த இவர், 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்கு 360க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். முகபாவமோ பின்னணிக் காட்சியோ இல்லாத அப்படங்களில் உறுப்பின் பெயர் உறுப்பின் மீதே எழுதப்பட்டிருந்ததால், மாணவர் குறிப்பெழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும், அக்காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவப் பள்ளிகளுக்கு 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கிடைத்தவை பெரும்பாலும் உரிமை கோர எவருமற்ற ஏழைகளின் உடல்களே என்பதை அப்படங்களின் அமைதி மறைத்துவிடுகிறது.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே இந்தியா வந்த கார்ட்டர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். பாதம் வீங்கிப் புண்ணாகிச் சிறுமணிகளை வெளியேற்றுவதும், மதுரை வட்டாரத்தில் முதலில் விவரிக்கப்பட்டதால் ‘மதுரைப் பாதம்’ எனப் பெயர் பெற்றதுமான நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று விளக்கி, 1874இல் தனிநூல் வெளியிட்டார். நோயுற்ற பாதத்தின் வெட்டுமுகத்தை ஆராய்வதற்கு லண்டனில் பெற்ற பயிற்சியே அவருக்குத் துணைநின்றது.

தமிழில் இத்துறையை வளர்த்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) ஆவார். கிரே முதலியோரின் நூல்களை அடிப்படையாகக் கொண்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்ததன்மூலம், மேலைநாட்டு உடற்கூற்றியலைத் தமிழிலேயே விரிவாகப் பயிலும் வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டியது.