கை புகாத இடத்துப் போல்ட்டுகள்

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் விலையையும் அழகையும் பற்றியே விஸ்தாரமாகப் பேசிவந்திருக்கிறார்கள். அந்த வாகனத்தின் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட வேண்டியவனுடைய கை எந்த இடம்வரை போகும், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்ற விஷயம் அவர்கள் கவனத்தில் அவ்வளவாகப் பட்டதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் ஸ்பேனருக்கு எட்டாத போல்ட் உண்டு. ஸ்பேனர் உட்கார்ந்தும் திருப்புவதற்கு இடமில்லாத போல்ட் உண்டு. கண்ணுக்கும் தெரியாமல், விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படுகிற போல்ட்டும் உண்டு. இம்மூன்று சங்கடங்களுக்கும் பரிகாரம் தேடியே நூறு வருஷங்களுக்கு மேலாக ஓர் உபகரண வம்சம் கிளைத்து வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சி கையின் பலத்தைப் பெருக்குவதற்காக நடந்தது என்று நினைப்பது சகஜம். என் அபிப்பிராயத்தில், ஸ்பேனர் அசைவதற்கு வேண்டிய கோணத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதற்காகவே அதில் பெரும்பகுதி நடந்தது.

கணக்கு எளியது. குதிரை வண்டிக் காலத்துச் சதுரத் தலை நட்டை நேர்வாய் ஸ்பேனரால் திருப்புகிறவன், ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இடையே ஸ்பேனரை 90 பாகை நகர்த்தியாக வேண்டும். தலை அறுகோணமானால் 60 பாகை போதும். ஸ்பேனரின் வாயை அதன் தண்டுக்கு 15 பாகை சாய்த்துச் செய்துவிட்டாலோ, ஒரு தடவை நேராகவும் மறு தடவை புரட்டிப் போட்டும் பிடித்து 30 பாகைக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு முனை வெட்டிய ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 பாகைதான். வாய் கோணலாக இருக்கும் ஸ்பேனரைப் பார்த்து, வார்ப்பில் நேர்ந்த பிழையென்று எண்ணுகிற புதுப் பையன்கள் இன்றும் பட்டறைகளில் உண்டு. அந்தக் கோணல் இல்லாவிட்டால் எஞ்சினில் பாதிப் போல்ட்டுகளைக் கழற்ற முடியாது என்பதை அவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆரம்பகாலத்து மோட்டார்களில் இந்தச் சிரமம் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்ட ஃபோர்டின் ‘மாடல் டி’ வண்டியை எடுத்துக்கொண்டால், ஒல்லியான நான்கு சிலிண்டர் எஞ்சின் நடுவே நிமிர்ந்து நிற்க, இரு பக்கத்து மூடிகளையும் தூக்கிவிட்டால் இரண்டு கைகளும் தாராளமாகப் போகும்; சிலிண்டர் தலையைத் தனியே கழற்றும்படி அமைத்ததும், வயல்வெளியில் வண்டியை நிறுத்திச் செப்பனிடவிருந்த விவசாயியை உத்தேசித்தே செய்ததுபோல் அமைந்துவிட்டது. ஆனால் அந்த விசாலத்திலும் ஒரு குகை இருந்தது. கியர் பெட்டிக்குள் சுழலும் உருளைகளைப் பற்றி இறுக்குகிற பட்டைகள் மூன்று. மெதுவேகப் பட்டையை வெளியிலிருந்தே முடுக்கிவிடலாம். பிரேக் பட்டையையும் பின்னோக்கிச் செல்வதற்கான பட்டையையும் முடுக்குவதற்கோ, காலடிப் பலகையை எடுத்து, மேல் மூடியைக் கழற்றி, எண்ணெய் சொட்டும் இருட்டுக்குள் கையை விட வேண்டும். விரல் வழுக்கி ஒரு நட்டோ ஸ்பிரிங்கோ உள்ளே விழுந்தால், மின்சாரம் உண்டாக்கும் காந்தங்களைச் சுமந்துகொண்டு சுழலும் சக்கரத்தின் அடியில் போய்ச் சேரும். பிறகு அன்றைய பொழுது அதைத் தேடுவதற்கே சரியாகப் போய்விடும். ஆகையால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு துணியைத் திணித்துக் கீழ்வாயை அடைத்துவிட்டுத்தான் நட்டைத் தொடுவார்கள். இந்த முன்ஜாக்கிரதை இன்றைய எஞ்சினுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கோணத்தைக் குறைக்கும் யுக்திகளில் தலையானது ராட்செட். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து உட்ஸ்டாக் ஊரைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் 1863-ஆம் ஆண்டிலேயே, மோட்டார் வண்டி என்ற பேச்சே எழாத காலத்தில், இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பல்லுள்ள சக்கரம் ஒன்று, அதன் பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கு ஒன்று. கைப்பிடி ஒரு திசையில் போகும்போது நட்டைத் திருப்பும், எதிர்த் திசையில் வரும்போது டிக் டிக்கென்று வெறுமனே திரும்பி வரும். சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் 15 பாகை அசைவு போதும். 36 இருந்தால் 10. இக்காலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் 72 பல் ராட்செட்டுக்கு 5 பாகையே போதும். பற்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் மெலிவதால், அந்த மெல்லிய பல் மனிதனுடைய முழு வலுவையும் தாங்கும்படியான எஃகு வந்த பிறகே இந்த எண்ணிக்கை சாத்தியமாயிற்று.

ராட்செட் பிறந்த அதே நூற்றாண்டில், எல்லா அளவுக்கும் ஒரே கருவி என்ற ஆசையும் மனிதரைப் பிடித்துக்கொண்டது. ஸ்வீடன் தேசத்து யோஹான் பெட்டர் யோஹான்சன் 1890-களில் திருத்தமான உருவம் கொடுத்த, வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் அந்த ஆசையின் பலன். குழாய் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அதைப்போல் உபகாரமான பொருள் வேறில்லை. எஞ்சின் சந்துக்குள்ளோ அதன் பருத்த தலை நுழைவதில்லை, நுழைந்தாலும் போல்ட்டின் முனைகளை மழுங்கடித்துவிடுகிறது. நல்ல மேஸ்திரி எவரும் அதை எஞ்சின் பக்கம் கொண்டுபோக விரும்பாததற்கு இதுவே காரணம்.

சாக்கெட் வேறு, கைப்பிடி வேறு என்று பிரித்துவிட்டதுதான் பெரிய மாறுதல். மாற்றிப் பொருத்தும் சாக்கெட்டுகள் முன்பே கடைகளில் இருந்தனவாயினும், பழைய வழக்கப்படி ஒவ்வோர் அளவுக்கும் கைப்பிடியோடு சேர்ந்த ஒரு கருவி வாங்குவதே பெரும்பாலோருடைய பழக்கமாக இருந்தது. மில்வாக்கி நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம் பார்த்த ஜோசப் ஜான்சன் என்பவர், பத்து சாக்கெட்டுகளையும் அவற்றில் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளத்தக்க ஐந்து கைப்பிடிகளையும் ஒரு தொகுதியாக விற்கலாமென்று யோசனை சொல்ல, மேலாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர் தம் சகா வில்லியம் சைடமனுடன் சேர்ந்து 1920-இல் ஸ்நாப்-ஆன் கம்பெனியைத் தொடங்கினார். ஐந்து, ஐம்பதின் வேலையைச் செய்யும் என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். ஐம்பது கருவி வாங்கும் செலவு மிச்சமானது உண்மையே; அதைவிட முக்கியமாக, சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நீண்ட தண்டு ஒன்றைச் செருகுவது என்பது இதனால் வெகு சுலபமாகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் என்று நாம் சொல்லும் அந்தத் தண்டு வந்ததும், கை ஓரிடத்திலும் போல்ட் ஓரிடத்திலுமாக ஒரு முழ தூரத்தில் இருந்தாலும் வேலை நடக்கலாயிற்று.

தண்டு நேராகப் போகும்வரையில் சரி. நடுவே ஒரு குழாய் குறுக்கிட்டால்? அங்கேதான் யூனிவர்சல் ஜாயின்ட் உதவிக்கு வருகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் அது வழங்கினாலும், 1676-இல் சூரியனைப் பார்ப்பதற்கான கருவிகளை விவரிக்கும்போது இந்த மூட்டைச் சுழற்சிக்குப் பயன்படுத்தும் முறையை விளக்கியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். வான சாஸ்திரத்துக்காக எண்ணப்பட்ட மூட்டு, புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நட்டைத் தேடிப் போகிற வேலையில் இறங்கியது வேடிக்கைதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: மடிந்த நிலையில் ஒரு பக்கத்தை ஒரே சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரே சீராகச் சுற்றாது, சற்று விரைந்தும் சற்றுத் தாமதித்துமே சுற்றும், மடிப்பு அதிகமாக அதிகமாக இந்தத் தடுமாற்றமும் அதிகரித்து, சாக்கெட் போல்ட்டின் தலையிலிருந்து நழுவப் பார்க்கும். ஆகவே அனுபவஸ்தர்கள் மூட்டின் மேல் டேப்பைச் சுற்றி, வேண்டிய அளவுக்கு மேல் அது தொங்கிவிடாதபடி செய்துகொள்வார்கள்.

வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்து இடச்சிக்கனத்துக்குப் பயன்பட்ட இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆலைகளில் சுழலும் தண்டுகளின் மேல் துருத்திக்கொண்டிருந்த திருகுத் தலைகள் தொழிலாளரின் ஆடையைப் பற்றியிழுத்து விபத்து உண்டாக்கியதால், தலையே இல்லாமல் உள்ளே அறுகோணக் குழி வைத்த திருகைச் செய்யும் முறைக்கு வில்லியம் ஆலன் 1910-இல் காப்புரிமை பெற்றார். ஆலன் சாவியும் அத்துடன் புழக்கத்துக்கு வந்தது. அத்தகைய போல்ட்டுக்குச் சுற்றிலும் இடம் விட வேண்டிய அவசியமே இல்லாமையால், பிற்கால எஞ்சின் அமைப்பாளர்கள் அதை மிகவும் விரும்பினார்கள். குழிக்குள் அழுக்கும் துருவும் அடைந்த பிறகு அதைக் கழற்ற நேர்ந்தவர்கள் அவ்வளவு விரும்பவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு எஞ்சின் அறையே சுருங்கத் தொடங்கிற்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு விசித்திரமான ஒரு சமாதானம் வைத்திருந்தது: எஞ்சினுக்குள் கையை விடுவானேன், எஞ்சினையே வெளியே எடுத்துவிடலாமே! நான்கே இடங்களில் பிணைப்பு. கீழே இரண்டை எளிதில் எட்டலாம். மேலே உள்ள இரண்டோ காற்றாடிக் கூண்டின் மறைவில் இருந்தமையால், பழைய வண்டிகளில் ஒருவர் கீழே படுத்துக்கொள்ள, மற்றவர் கூண்டின் பின்னால் கையை வளைத்து, கண்ணுக்குத் தெரியாத நட்டைத் தடவிப் பிடித்துக்கொள்வார். அலெக் இசிகோனிஸ் அமைத்து 1959-இல் வெளிவந்த மினியோ எதிர்கால மோட்டார் முழுவதற்கும் வழிகாட்டிவிட்டது. பத்தடி நீள வண்டியில் நான்கு பேர் உட்கார வேண்டுமென்பதற்காக அவர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். கார்புரேட்டரும் புகைக்குழாயும் பயணியர் அறைச் சுவரைப் பார்த்து நின்றன. பிரயாணிக்குக் கிடைத்த விசாலம் முழுவதும் மெக்கானிக்கிடமிருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அமெரிக்கர்கள் இதையும் விஞ்சினார்கள்: 1975-இல் ஷெவ்ரலே மான்ஸா என்ற சிறிய வண்டியில் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தபோது, ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்காக எஞ்சினின் தாங்கி போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்திலேதான் ராட்செட்டுக்கு மேலும் ஒரு திருத்தம் சேர்ந்தது. அதன் கதை பட்டறையில் தொடங்கி நீதிமன்றத்தில் போய் முடிகிறது. இருட்டுச் சந்துக்குள் ஒரு கையை மட்டும் விட்டு வேலை செய்கிறவனுக்கு, எண்ணெய்ப் பிசுக்கான சாக்கெட்டை ராட்செட்டிலிருந்து பிடுங்க இன்னொரு கை வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் சியர்ஸ் கடையொன்றில் குமாஸ்தாவாக இருந்த பதினெட்டு வயதுப் பீட்டர் ராபர்ட்ஸ், தலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாக்கெட் தானே விழும்படி அமைத்து, 1965-இல் காப்புரிமையும் பெற்றார். அது அவ்வளவு மதிப்புள்ள பொருளன்று என்ற பேச்சை நம்பி, அதிகபட்சம் 10,000 டாலருக்கு உரிமையைச் சியர்ஸுக்கே விட்டுக்கொடுத்தார். அது லட்சக்கணக்கில் விற்பனையான பிறகு 1969-இல் வழக்குத் தொடுத்தார்; ஜூரிகள் 10 லட்சம் டாலர் வழங்கிய தீர்ப்பை மேல்முறையீட்டு மன்றம் 1978-இல் உறுதி செய்தது. வேறு விவகாரங்களும் தீர்ந்து இருதரப்பாரும் உடன்பட்டது 1989-இல்.

நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு இந்த நெருக்கடி தாமதமாகவே வந்தது. அம்பாஸடரின் மூடியைத் திறந்தால், எஞ்சினின் இரு புறமும் ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற இடம். அங்கே இருந்த சங்கடம் வேறு வகைப்பட்டது. அது அங்குலக் கணக்கு வண்டி, பக்கத்தில் நிற்கும் ஃபியட்டோ மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலத் தலையின் அகலம் 12.7 மில்லிமீட்டர், அவசரத்துக்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் உட்காரத்தான் உட்காரும், ஆனால் போல்ட் இறுகியிருந்தால் அந்தச் சிறு இடைவெளியே முனைகளைத் தேய்த்துவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான், குறுக்குவாட்டில் படுத்த மூன்று சிலிண்டர் எஞ்சினை நம் பட்டறைகள் பெருவாரியாகச் சந்தித்தன. மேஸ்திரிகள் தயங்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி அந்த வழியாகக் கையை விட்டார்கள். பழைய ரிங் ஸ்பேனரைக் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, வேண்டிய இடத்தில் வளைத்து, மிச்சத்தை அறுத்தெறிந்தார்கள். சாக்கெட்டுக்குள் சிறிது கிரீஸ் தடவி நட்டு விழாமல் ஒட்டவைத்து அனுப்பினார்கள். நீண்ட எக்ஸ்டென்ஷனின் ஒரு முனையை மேஸ்திரி விரலால் போல்ட்டின் மேல் உட்கார வைத்து, “இப்போ திருப்புடா” என்று சொல்ல, வண்டியின் மறுபக்கத்தில் நிற்கும் பையன் ராட்செட்டைத் திருப்பினான்.

குறுக்குவாட்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இப்பொழுது இத்தகைய வழிகளும் அடைபட்டுவிட்டன. பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை எட்ட வேண்டுமானால் முதலில் காற்று உள்ளே போகும் பெருங்குழாய்த் தொகுதியைக் கழற்ற வேண்டுமென்றும், திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் போட வேண்டுமென்றும் தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. அதற்கான கூலியும் அந்தக் கணக்கிலேயே பில்லில் ஏறுகிறது.