ஆசிரமப் பள்ளிகள்

ஆசிரமப் பள்ளி என்பது பழங்குடிக் குழந்தைகளுக்கு உணவு, உறைவிடம், கல்வி மூன்றையும் ஒரே வளாகத்தில் கட்டணமின்றி அளிக்கும் பள்ளியாகும். தமிழ்நாட்டில் இவ்வகைப் பள்ளி உண்டு உறைவிடப் பள்ளி எனப்படும். காடுகளிலும் மலைகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு இதுவே பொருத்தமான முறை.

இம்முறையின் வேர் குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் உள்ளது. பவநகரில் 1869இல் பிறந்து, பின்னாளில் தக்கர் பாபா என்று மதிக்கப்பட்ட அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர், பம்பாய் மாநகராட்சியில் வகித்த பொறியாளர் பணியை 1914இல் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். பஞ்சமகாலில் பஞ்ச நிவாரணப் பணிக்குச் சென்றபோது பில் பழங்குடியினரின் அவல வாழ்வை நேரில் கண்ட அவர், 1922இல் தாகோதில் பில் சேவா மண்டலத்தைத் தோற்றுவித்தார். அது நடத்திய பள்ளிகள் பிற்கால ஆசிரமப் பள்ளிகளுக்கு முன்மாதிரியாயின. தென்குஜராத்தின் வேட்சியில் காந்தியவாதி ஜுகத்ராம் தவே இதே நெறியில் நெடுங்காலம் உழைத்தார். ஆசிரமம் என்பது இங்கு வெறும் பெயரன்று. ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து, உடன் உண்டு, நூற்பும் வேளாண்மையும் செய்து கற்கும் வாழ்க்கையையே அச்சொல் குறித்தது.

அரசுகள் பொறுப்பேற்றபின் பள்ளிகள் பெருகின, உடனுறைவோ அருகியது. 1990-91இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், 2008-09இல் திருத்தப்பட்டபின், பெண்களுக்கான ஆசிரமப் பள்ளிகளின் கட்டுமானச் செலவை முழுமையாக ஏற்றது. வகுப்பறை, விடுதி, சமையற்கூடம், பணியாளர் குடியிருப்பு, தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு நிதி அளிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நேரும் பராமரிப்புச் செலவு மாநிலங்களைச் சார்ந்தது. இப்பள்ளிகளின் குறைகளுக்கு ஊற்றுக்கண் இதுவே: கட்டடம் எழும்பியது, பழுதான மோட்டாரும் அடைத்துக்கொண்ட கழிப்பறையும் அப்படியே கிடக்கின்றன. இடமில்லாத பள்ளிகளில் வகுப்பறையே இரவில் படுக்கையறையாகிறது. விடிந்ததும் பாய்கள் சுருட்டப்பட்டு, தகரப் பெட்டிகள் சுவரோரம் தள்ளப்பட்டு, அதே தரையில் பாடம் தொடங்குகிறது. நெருக்கமாகப் படுப்பதாலும் குளிக்க நீர் போதாததாலும் சிரங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஆதலின் இப்பள்ளிகளைச் சீர்படுத்துவதில் கணினிக்கும் திறன்பலகைக்கும் முன்னர் வரவேண்டியவை தண்ணீர், தனிப்படுக்கை, பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள குளியலறை, இரவில் வளாகத்திலேயே தங்கும் காப்பாளர் ஆகியவையே.

ஆசிரமப் பள்ளிகளைத் தவிர, பழங்குடி மாணவர்களுக்கென 1997-98 முதல் நிறுவப்பட்டுவரும் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி ஒவ்வொன்றும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 480 மாணவர்களுக்கு இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை முதலிய இடங்களில் அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன.