நோயுறாத சிசுக்களிடம் கிடைத்த வைரஸ்

இந்தியாவில் ரோட்டாவைரஸ் ஆய்வின் வரலாறு பெரும்பாலும் தடுப்பு மருந்தின் வெற்றிக்கதையாகவே எழுதப்படுகிறது. அவ்வெற்றிக்கு முன்பிருந்த ஓர் அவதானிப்பு அதில் உரிய இடம் பெறுவதில்லை.

1973-இல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், கடும் வயிற்றுப்போக்கால் அவதியுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து இவ்வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற தோற்றமே பின்னர் அதன் பெயராயிற்று. அதன் மரபணுத்தொகுதி 11 துண்டுகளாலான ஈரிழை ஆர்.என்.ஏ. ஒரே செல்லுக்குள் இரு திரிபுகள் நுழையுமானால், துண்டுகள் கலந்து புதிய திரிபு பிறக்கும். வெளியுறையிலுள்ள விபி7, விபி4 புரதங்களின் மரபணுக்களைக் கொண்டு முறையே ஜி, பி என வகை பிரிப்பர்.

1980-களின் நடுப்பகுதியில், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் எம்.கே. பான் தலைமையிலான குழு, பச்சிளஞ்சிசுக்கள் பலரின் மலத்தில் ரோட்டாவைரஸைக் கண்டது. ஆயினும் அச்சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. தொடர்ந்து கண்காணித்தபோது, இவ்வாறு தொற்றுக்குள்ளான குழந்தைகளைப் பிற்காலத்தில் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு குறைவாகவே தாக்கியது. அங்குப் பிரித்தெடுக்கப்பட்ட 116இ என்னும் திரிபு ஜி9பி[11] வகையைச் சேர்ந்தது. மனிதத் திரிபான அதன் விபி4 மரபணு மட்டும் மாட்டின் வைரஸை ஒத்திருந்தது.

பெங்களூரில் சி. துர்கா ராவ் குழுவினர் ஆராய்ந்த ஐ321 திரிபு இதற்கு நேர்மாறானது. அதன் 11 துண்டுகளில் 9 மாட்டின் வைரஸை ஒத்தவை. 2 மட்டுமே மனித வைரஸுக்குரியவை. இதுவும் நோயறிகுறியற்ற சிசுக்களிடமே கிடைத்தது. ஆனால் அதே ஜி10பி[11] வகை, வேலூரில் குடல்நோய் அறிகுறிகள் கொண்ட சிசுக்களிடமும் காணப்பட்டது. ஆகவே வகைக்குறியீடு ஒன்றைக் கொண்டே நோயின் தன்மையைக் கணிக்க இயலாது.

116இ-யிலிருந்து உருவான வாய்வழித் தடுப்பு மருந்து தில்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, முதல் ஆண்டில் கடும் ரோட்டாவைரஸ் நோயைப் பாதிக்குச் சற்று அதிகமாகவே அது குறைத்தது. சமூகத்தில் பரவிய திரிபுகள் பெரும்பாலும் மருந்தின் வகையைச் சேராதவையாக இருந்தும் பாதுகாப்புக் கிடைத்தது என்பது கருதத்தக்கது. 2016-இல் அது ஒடிசா, ஆந்திரம், ஹரியாணா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வரலாறு இன்றைய ஆய்வாளருக்கு விடுக்கும் எச்சரிக்கைகள் இரண்டு. 2010-களின் பிற்பகுதியில் ஜி1பி[8] பின்தங்கி, ஜி3பி[8] இந்தியாவில் மேலோங்கியது. தடுப்பு மருந்தே இதற்குக் காரணம் என்று விரைந்து முடிவு கட்டலாகாது. மருந்து இல்லாத காலத்திலும் வகைகள் ஏறியிறங்கியே வந்துள்ளன. நெடுங்காலத் தரவின்றி இரண்டையும் பிரித்தறிய முடியாது. அடுத்து, நமது கண்காணிப்பு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளையே சார்ந்திருக்கிறது. நோயுற்றோரை மட்டும் எண்ணும் பதிவேட்டில் 116இ ஒருபோதும் இடம்பெற்றிருக்காது. நலமுடன் இருந்த சிசுக்களின் மாதிரிகளையும் சோதித்துப் பார்த்ததன் பயனே இன்று கோடிக்கணக்கான குழந்தைகளைச் சென்றடைந்துள்ளது. கண்காணிப்புத் திட்டங்களுக்கான நிதியும் நெறிமுறையும் வகுக்கப்படும்போது இவ்வுண்மை மறக்கப்படலாகாது.