வல்வெட்டித்துறையில் வீடு விற்பனை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே இருக்கும் வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டை விற்க இறங்குபவர் முதலில் தேடவேண்டியது வாங்குபவரை அன்று, விற்பவர்களை. உறுதியில் பெயர் உள்ள மூத்த சகோதரி ரொறன்ரோவில் இருப்பார், அவருடைய கணவர் வேலை நிமித்தம் வேறு நாட்டில், தம்பி லண்டனில், பங்குக் கிணற்றில் உரித்துள்ள சித்தப்பாவின் பிள்ளைகள் திருச்சியிலோ சென்னையிலோ. இவர்களையெல்லாம் ஒரு தாளில் ஒன்றுசேர்ப்பதுதான் உள்ளூரில் வீடு விற்றுக் கொடுப்போரின் பெரும்பாடு.

அப்படி விற்றுக் கொடுப்போர் பெரும்பாலும் பெயர்ப்பலகை போட்ட நிறுவனம் அல்லர். காணித் தரகர், பிரசித்த நொத்தாரிசு, உரிமம் பெற்ற நில அளவையாளர், கிராம அலுவலர், வீட்டுத் திறப்பை வைத்திருக்கும் உறவினர் ஆகியோர் ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாகக் கூடிக் கலைகிறார்கள். தரகுக் காசு பெறுபவர் ஒருவர், கட்டணம் பெறுபவர் இருவர், சம்பளத்துக்குக் கடமை செய்பவர் ஒருவர். திறப்பு வைத்திருக்கும் உறவினருக்கு வழக்கமாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் முகத்தைச் சுளித்தால் காரியம் நடக்காது.

ஊரும் வீடுகளும்

வல்வெட்டித்துறையின் பழைய கல்வீடுகள் பாய்மரக் கப்பல் வணிகத்தின் காசில் எழுந்தவை. இந்தியத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் ஓடிய கப்பல்கள் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன. இன்றைக்கும் பழைய வீடு பார்க்க வருபவர்களில் சிலர் சுவரைத் தட்டிப் பார்க்குமுன் கதவையும் நிலையையும்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஊர் வெளியாருக்கு விற்றவற்றில் உலகறிந்தது 1930இல் இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை (சுருக்கமாக வல்வை) மாலுமிகள் அதை 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விற்ற கப்பல் ஊரை விட்டு மிதந்து போய்விடும். விற்ற வீடு அதே ஒழுங்கையில்தான் நிற்கும், அயலும் அதே அயல்தான். இங்கே வீட்டுப் பேரம் மெல்லிய குரலில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்க்காலம் வீடுகளையும் உறுதிகளையும் சேர்த்துக் குலைத்தது. 1987 மே மாதத்தில் இந்த ஊர் அடங்கிய வடமராட்சியில் நடந்த படை நடவடிக்கையும், இந்திய அமைதிப்படையினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்று வீடுகளையும் கடைகளையும் எரித்த 1989 ஆகஸ்ட் மாத நிகழ்வும், பின்வந்த இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் பலரை உடுத்த துணியோடு வெளியேற்றின. றங்குப்பெட்டியில் இருந்த உறுதி போனது போனதுதான். நல்லகாலமாக, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு: ஒன்று உரித்தாளரிடம், ஒன்று நொத்தாரிசின் ஏட்டில், ஒன்று காணிப் பதிவகத்தில். மூன்றில் ஒன்று தப்பினாலும் விற்பனைக்கு வழியிருக்கிறது.

தேசவழமை

யாழ்ப்பாணத்தில் காணி விற்பனையைப் பற்றிப் பேச்செடுத்தால் தேசவழமைக்கு வராமல் முடியாது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய இந்த வழமைத் தொகுப்பை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாக ஏற்றனர். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (பெண்ணுக்கு மணத்தோடு தந்தது), தேடிய தேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று சொத்தை அது மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. விற்க வந்த வீடு இவற்றில் எது என்பதே நொத்தாரிசின் முதற் கேள்வி.

வடமராட்சியில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. சீதன உறுதியில் பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு வீட்டை எழுதிக் கொடுப்பது வழக்கம். அதாவது அவர்கள் இருக்கும் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை அவர்களுடையது. ஆகவே விற்பவர் பெண்ணாக இருப்பது இங்கே சாதாரணம். ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. தன் பெயரில் உள்ள, தன் பெற்றோர் தந்த வீட்டுக்கே இந்த நிலை. கணவனுக்கு அப்படியொரு தடை இல்லை. பெண்கள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் நீண்டகாலமாகக் குறை சொல்லிவரும் இந்தப் பிரிவு, நூறாண்டு கடந்தும் ஒவ்வொரு விற்பனை மேசையிலும் வந்து உட்காருகிறது. கணவன் நியாயமின்றி மறுத்தாலோ, பிரிந்து போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்குச் செலவாகும் மாதங்களில் வாங்க வந்தவர் வேறு வளவு பார்த்துவிடுவார்.

அடுத்தது முன்கொள்வனவு உரிமை. பழைய தொகுப்பு உரிமையாளரின் வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் சில நிலைகளில் அயற்காணிக்காரருக்கும் கூட, வெளியாருக்கு முன்னால் வாங்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அதைச் சுருக்கியது. இப்போது பிரிக்கப்படாத பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கும், விற்பவர் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசாகக்கூடியவர்களுக்கும் மட்டுமே அந்த உரிமை. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், உரிமையுள்ளவர் வழக்குப் போட்டு அதே விலைக்குத் தான் வாங்கிக்கொள்ளலாம். விலை பேசி முடிந்த வீடுகள் சித்தப்பா மகனின் ஒரு கடிதத்தால் பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவது இப்படித்தான்.

பங்காளிகள் ஒத்துவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். நேரமும் ஆயுளும் உள்ளவர்களுக்கு ஏற்ற வழி.

தரகர்

இலங்கையில் வீடு, காணித் தரகுத் தொழிலுக்கென உரிமம் வழங்கும் தனிச் சட்டம் இல்லை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களில் வீடோ மனையோ விற்றுத்தரும் முகவரையும் பதிவுசெய்யச் சொல்கிறது. பிரித்தானியாவில் 1979 முதல் முகவர்களுக்கான சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் பயிற்சியும் தேர்வும் பதிவும் இல்லாமல் ஒருவர் வீடு விற்றுக் கொடுக்க முடியாது. ரொறன்ரோவில் தன் வீட்டை உரிமம் பெற்ற தமிழ் முகவர் மூலம் விற்றுப் பழகிய வல்வைக்காரர், ஊர் வீட்டை விற்க வரும்போது சந்திப்பது தொலைபேசி இலக்கம் மட்டுமே விலாசமான ஒரு தரகரை. தரகு எத்தனை வீதம், யார் தருவது, இரு பக்கமும் தருவதா என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. எழுதிக் கையெழுத்திட்டால் நல்லது, கேட்பவர் குறைவு.

ஆனாலும் நல்ல தரகருக்கு ஈடில்லை. ஊரிக்காட்டுப் பக்கம் எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது கோடையில் சவர் ஏறும், தீருவிலில் எந்த ஒழுங்கைக்குள் லொறி போகும், எந்த வளவின் மேற்கு வேலி இரண்டு தலைமுறையாகத் தகராறு என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. “அக்கா, கனடாவில இருக்கிற மூத்தவர் ஓமெண்டு சொல்லிட்டாரோ?” என்பதே அவர் முதலில் கேட்பது, விலை அதற்குப் பிறகு. மூத்தவர் ஓம் சொல்லாத வீட்டுக்கு ஆள் கூட்டிவந்து அவர் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். உதயன், வலம்புரி போன்ற நாளிதழ்களின் சிறுவிளம்பரமும் இணையத்தள விளம்பரமும் இப்போது துணைக்கு வந்திருக்கின்றன. வாங்குபவரோ எதைப் படித்துவிட்டு வந்தாலும் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்தி, வாயில் விட்டுப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். உப்புக் கரித்தால் அந்த முகத்தைப் பார்த்தே விற்பவருக்கு விலை தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வரும் காலமே விற்பனைக் காலம். தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழா, முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத்தோடு வரும் சித்திரைப் பௌர்ணமி இந்திரவிழா, பள்ளி விடுமுறை விழும் ஆடி, ஆவணி ஆகிய நாட்களில் சகோதரர் பலர் ஒரே நேரத்தில் ஊரில் நிற்பார்கள். நொத்தாரிசின் நாட்குறிப்பு அப்போதுதான் நிரம்புகிறது.

உறுதியும் அளவையும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திடாத காணி விற்பனை செல்லாது. வெற்றுத்தாளில் எழுதி முத்திரை ஒட்டியதால் வீடு கைமாறாது. நொத்தாரிசு முதலில் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கவேண்டும்: ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவா, ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதியாயிற்றா. உறுதி முடிந்தபின் அதன் மறுபிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். பதிவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. பதியாத முந்திய உறுதியை, விலை கொடுத்து வாங்கிப் பதிந்த பிந்திய உறுதி வென்றுவிடக்கூடும்.

பழைய உறுதியின் காணி விபரம் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். அது வளவு என்றோ கலட்டி என்றோ சீமா என்றோ முடியும். பிறகு அளவு: லாச்சம் வரகு இத்தனை, குழி இத்தனை. ஒரு லாச்சம் வரகு 18 குழி, ஏக்கருக்கு 16. லாச்சம் நெல் 12 குழி, ஏக்கருக்கு 24. இன்று ஊரில் பரப்பு என்று பேசுவது வரகுக் கணக்கு, 10 பேர்ச்சஸ். இரண்டையும் குழப்பினால் மூன்றில் ஒரு பங்கு நிலம் காற்றில் போய்விடும். அதன் பின் நாற்றிசை எல்லை, ஆட்களின் பெயரால். கிழக்கே இன்னாரின் பெண்சாதி, வடக்கே ஒழுங்கை. அந்த இன்னார் இறந்து அறுபது ஆண்டாகியிருக்கும். கடைசியில் வடமேற்கு மூலைக் கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் உரிமை. இந்தக் கடைசி வரியை அவசரத்தில் விட்டுவிட்டு எழுதிய உறுதிகள் அயலாரைப் பேசாதவர்களாக்கி இருக்கின்றன. நில அளவையாளர் வந்து கல்நாட்டிப் படம் வரைந்த பிறகே வங்கி கடன் பேசும்.

வெளிநாட்டில் இருப்பவர் வராமலே விற்க, தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் உண்டு. லண்டன் உயர்ஸ்தானிகராலயத்திலோ ரொறன்ரோ துணைத்தூதரகத்திலோ சென்று கையெழுத்திட்டு அனுப்புவார்கள். இங்கே அது பதிவு செய்யப்படுகிறது. மோசடிகளும் இந்த வழியாகவே நுழைவதால், தத்துவம் தந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வட்ஸ்அப் காணொளி அழைப்பில் முகம் பார்த்துவிட்டே உறுதி முடிக்கும் நொத்தாரிசுகளும் இருக்கிறார்கள்.

ஆளில்லா வீட்டில் வேறொருவர் இருந்துவிட்டால் இன்னொரு சிக்கல். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரித்தாளருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம். போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொன்னது. ஆனால் அதன் கீழ் வழக்குத் தொடுக்கத் தந்த தவணை இரண்டே ஆண்டு. சேதி லண்டனுக்குப் போய்ச் சேருமுன் பாதிப் பேருக்கு அது முடிந்திருக்கும்.

வாங்குவோரும் வரியும்

காசுள்ள வல்வைக்காரரே பலவேளை வாங்க முடியாதவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2013 ஜனவரி 1இலிருந்து நடைமுறைக்கு வருமாறு, வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்து கனேடியரானவர் தாயின் வீட்டை முதுசமாகவோ நன்கொடையாகவோ பெறலாம். ஒன்றுவிட்ட அண்ணனின் வீட்டை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. கடலோர வீடென்றால் இன்னொன்று: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கியது. ஊரின் பழைய வீடுகள் பல அதற்குள்தான். இடித்துக் கட்ட நினைப்பவர் வாங்குமுன்னே அனுமதியை விசாரிக்க வேண்டும்.

விற்பவர் செலுத்தவேண்டியது மூலதன ஈட்டு வரி. 2018 ஏப்ரல் 1இல் 10 வீதமாக மீண்டும் வந்த இந்த வரி, தனியாட்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம். பழைய சொத்துக்கு 2017 செப்டெம்பர் 30இல் இருந்த சந்தை விலையே அடிப்படை என்பதால், அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கை ஒன்று எடுத்து வைத்திருப்பது காசு மிச்சம் பிடிக்கும். விற்குமுன் மூன்றாண்டு தொடர்ந்து சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டாண்டாவது குடியிருந்த தன் பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு அது பொருந்துவது அரிது. முத்திரைத் தீர்வை மாகாண சபைக்குப் போகிறது. அதைக் குறைக்க உறுதியில் விலையைத் தாழ்த்தி எழுதும் பழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக நினைப்பவருக்கு அதுவே வினையாகிறது: குடிபெயர்ந்தவர் பணத்தை மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு வழியாகவே, மத்திய வங்கி விதித்த எல்லைக்குள் அனுப்ப முடியும். வங்கி அதிகாரி உறுதியைத் திறந்து பார்த்து, அதில் எழுதியுள்ள விலையைத்தான் கணக்கில் எடுப்பார்.