வெளிச்சத்தின் விலை

மண்ணில்லா விவசாயத்தை நாளைய அதிசயம்போலப் பேசுகிறார்கள். அதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. 1699-இல் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட், புதினாவை மழைநீரிலும் தேம்ஸ் ஆற்று நீரிலும் மண் கரைத்த நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். நீர் கலங்கக் கலங்கச் செடி கூடுதலாகத் தழைத்தது. கலங்கலில் செடிக்கு உணவானது எது என்பதை 1860-களில் ஜெர்மானியர்களான சாக்ஸும் க்னோப்பும் உப்பு உப்பாகக் கணக்கிட்டு, ஊட்டக் கரைசல் செய்தார்கள். ஆனாலும் அது ஆய்வகக் குடுவையைத் தாண்டவில்லை. பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக், 1930-களில் தொட்டிக் கரைசலில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை ஏற்றிக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937-இல் அவர் வழியாக அச்சேறியது.

பத்திரிகைகள் கொண்டாடின, வயலுக்கே இனி வேலையில்லை என்ற அளவுக்குப் பேச்சு போனது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னானும் இதைச் சோதித்து 1938-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்றும் மாணவர்கள் அதில் கரைசல் செய்முறையை மட்டும்தான் தேடுகிறார்கள். அதைவிட முக்கியம் அதன் முடிவு. நல்ல மண் தருகிற விளைச்சலைவிடக் கரைசல் இயல்பாகவே கூடுதலாகத் தந்துவிடாது. உணவு போதிய அளவு கிடைத்துவிட்டால், செடிகளை எவ்வளவு நெருக்கி நடலாம் என்பதைத் தீர்மானிப்பது வெளிச்சம். மண்ணை விலக்கலாம், வெயிலை விலக்க முடியாது. நகரத்தில் இந்த முறை நீடிக்குமா என்ற கேள்வியையும் இந்த முடிவை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பின்வந்த வரலாறு இதற்குச் சான்று. பசிஃபிக்கின் வேக் தீவில் பான் அமெரிக்கன் விமான நிறுவனம் காய்கறி வளர்த்தது; 1945-இல் அசென்ஷன் தீவின் எரிமலைப் பாறையில் அமெரிக்கப் படையினர் வளர்த்தார்கள். போருக்குப் பின் ஜப்பானின் சோஃபுவில் அவர்கள் 22 ஹெக்டேரில் பண்ணை அமைத்தார்கள். அங்கே மண்ணுக்குக் குறைவில்லை; மனிதக் கழிவை உரமாக இட்ட வயல்களின் காய்கறியைப் பச்சையாகத் தின்ன அவர்களுக்குத் தயக்கம், அவ்வளவுதான். மூன்று இடங்களிலும் வெளியிலிருந்து கீரை கொண்டுவருவது கடினம், வெயிலோ இலவசம். இதைவிட எளிய பாதை நம் நாட்டிலேயே பிறந்தது. 1946 வாக்கில் அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷோல்ட்டோ டக்ளஸ், சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் உப்பு உரத்தைத் தூவி, கையால் நீர் விட்டே பயிர் எடுத்தார். மோட்டாரும் குழாயும் வாங்க முடியாத குடும்பத்துக்கும் ஏற்ற அந்த முறைக்கு ‘வங்காள முறை’ என்று பெயர்.

அடுக்குப் பண்ணைகள் இந்தப் பாதையை விட்டு விலகின. மூடிய கிடங்கில் தட்டுமேல் தட்டாகக் கீரையை வளர்த்தால் நிலம் மிச்சம்தான். ஆனால் கீழ்த்தட்டுகளுக்கு வெயில் எட்டாது, வெளிச்சத்தை மின்சாரமாக விலைகொடுத்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் மனு போட்டது. பவரி 2024-இல் மூடிக்கொண்டது. முதலீடு வற்றியதும் ஒரு காரணம் என்றாலும், மின்கட்டணச் சுமை எல்லோரையும் அழுத்தியது. எல்.இ.டி. மலிந்துவருகிறதே, கூரையில் சூரியத் தகடு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். சூரியத் தகடு, விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. விளக்கில் மறுபடி கொஞ்சம் வீணாகும். ஒரு தட்டுக் கீரைக்கே அதைவிடப் பல மடங்கு பரப்பில் தகடு விரிக்க வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த நிலம் வேறோர் இடத்தில் செலவாகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இம்முறைக்கு உரிய பெருமையைத் தர வேண்டும். கரைசலைச் சுழற்றிப் பயன்படுத்தினால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். கழித்த கரைசலைச் சாக்கடையில் விட்டால் நைட்ரேட் நீர்நிலைக்குப் போய்ச் சேரும் என்பதும் உண்மை. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு: மண்ணுக்குப் பதிலாக வேர் பிடிக்கப் பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்கள் வரை கப்பலேறுகிறது. நம் மாடிகளுக்கு அது பக்கத்துச் சரக்கு. ‘கீரையும் தக்காளியும் ஊருக்குச் சோறு போடுமா?’ என்பது கடைசி ஆட்சேபம். போடாது. நெல்லுக்கு வயல்தான் கதி. ஆனால் அரிசி மூட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். பறித்த கீரை மறுநாளே வாடும். நகரத்துக்குள் விளைவிக்கத் தகுதியான பயிர் எது என்பதை இந்த வேறுபாடே சொல்லிவிடுகிறது. மொட்டை மாடியில் அதற்கு வேண்டிய வெயிலுக்குக் கட்டணமும் இல்லை.