விடுதலைக்கு எதிராக ஒரு கட்டு

நம் சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியபோது, ஒருவரைச் செஷன்ஸ் நீதிபதி விடுவித்துவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், விடுதலையை எதிர்த்து மேல்முறையீடே கூடாது என்றது. 1872இல்தான் அரசுக்கு வழி திறந்தது. 1955 திருத்தம் தனிப் புகார்தாரரைச் சிறப்பு அனுமதியோடு உள்ளே விட்டது. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரும் வரலாம். விடுதலை மேல்முறையீட்டுக்கான பழைய 378ஆம் பிரிவு இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 419. எங்களைப் போன்ற பழைய ஆட்கள் வாய்க்கு இன்னும் 378தான் வருகிறது.

வருவோர் பெருகினார்கள், வெல்வது மட்டும் எளிதாகவில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் மேல்முறையீட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அ.சா.1, அ.சா.2 என்று அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலங்கள், அ.சா.ஆ. என்ற சான்றாவண வரிசை, சா.பொ. என்ற சான்றுப் பொருள் பட்டியல். எல்லாம் தாள். கூண்டில் நின்றவர் எந்தக் கேள்விக்குத் தயங்கினார், யாரைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார் என்பது தாளில் ஏறாது. சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று பழைய 280ஆம் பிரிவு இடம் கொடுத்தது. அப்படி ஒரு வரியை நான் பார்த்த கட்டுகள் மிகக் குறைவு.

1934இல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத்தான் கவனித்தது. சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சாட்சியை நேரில் கண்டவரின் மதிப்பீட்டையும், குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்ற அனுமானத்தையும், சந்தேகத்தின் பலனையும் மறக்கக் கூடாது. விடுதலையை மாற்ற ‘வலுவான காரணம்’ வேண்டும் என்ற பேச்சு பிறகு தீர்ப்புகளில் புகுந்து கொஞ்ச காலம் குழப்பியது. அது அதிகாரத்துக்குப் போட்ட பூட்டல்ல என்று சன்வத் சிங் தீர்ப்பு விளக்கியது. 2007இல் சந்திரப்பா வழக்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தது: சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுகள் நியாயமாகக் கிடைக்குமானால் விடுதலையைத் தொடாதே.

அதனால் அரசு வழக்கறிஞர் ‘எங்கள் கதையும் நம்பும்படி இருக்கிறது’ என்று வாதாடிப் பயனில்லை. இறந்தவரின் உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக நேரில் கண்ட சாட்சியை விசாரணை நீதிபதி தள்ளியிருந்தால், அல்லது மருத்துவச் சான்றில் உள்ள காயத்தையே படிக்காமல் விட்டிருந்தால், அங்கே உயர் நீதிமன்றம் கைவைக்கலாம்.

அப்படிப் புரட்டி மரண தண்டனை விதித்தால், தண்டனை பெற்றவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிறது அரசியலமைப்பின் 134ஆம் பிரிவு. 1970 சட்டம் ஆயுள் தண்டனைக்கும், 10 ஆண்டும் அதற்கு மேலுமான சிறைக்கும் அந்த உரிமையைத் தந்தது. அதே கட்டு, இன்னும் தடித்து, டெல்லிக்கு ரயிலேறும்.