தண்ணிக்கும் காசு: மலிவு விமானமும் எங்கட ஆக்களும்

விமானத் தொழிலில் தூரத்தை நேரத்தால் அளப்பார்கள். பொதுவாக 3 மணித்தியாலத்துக்குள் முடிந்தால் குறுந்தூரம். 6 மணித்தியாலத்தைத் தாண்டினால்தான் நெடுந்தூரம். கட்டுநாயக்கவில் இருந்து சார்ஜாவுக்கோ துபாய்க்கோ பறக்க ஏறக்குறைய 5 மணித்தியாலம். அதனால் அது நடுத்தரத் தூரம்தான், அதுக்குப் பெரிய வசதி ஒண்டும் தேவையில்லை எண்டு முடிவு கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஏறாவூரில் இருந்து வெளிக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்சிலோ வானிலோ 7, 8 மணித்தியாலம். பிறகு விமான நிலையத்தில் 3, 4 மணித்தியாலக் காத்திருப்பு. பிறகு அந்த 5 மணித்தியாலம். போற இடம் ரியாத், ஜித்தா, குவைத் என்றால் இடையில் இறங்கி இன்னொரு விமானத்துக்குக் குந்தியிருக்க வேண்டும். வாசற்படியில் இருந்து எண்ணினால் ஒரு பகலும் ஒரு இரவும் தாராளமாகப் போய்விடும். எங்கட கணக்கில் இது நெடுந்தூரம்தான்.

இந்தப் பயணத்தில் ஆக்களுக்குச் சாப்பிடவும் குடிக்கவும் போர்த்தவும் என்ன கிடைக்குது என்று பார்க்கத் தொடங்கினோம். கேட்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஆனால் வாசிக்கிற உங்களில் எத்தனை பேரின்ட பள்ளிக்கூடக் காசு, வீட்டுக் கூரை, அக்காவின்ட சீதன வீடு இந்தப் பயணத்தில் இருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வந்தாறுமூலையில் எங்கட வகுப்பில் கேட்டாலே பாதிக் கை உயரும்.

வரலாற்றை இலங்கையிலேயே தொடங்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலம். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் போனபிறகு அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இருந்த வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943இல் குவான்டாஸ் நிறுவனம் காலிக்கு அங்கால் உள்ள கொக்கலை வாவியில் இருந்து பேர்த் நகருக்கு கற்றலினா என்ற நீர்விமானத்தை ஓட்டியது. சராசரியாக 28 மணித்தியாலம், நடுவில் எங்கேயும் இறங்காமல். ஆகக் கூடியது 3 பயணிகள். எரிபொருளின் பாரத்துக்காக அவசியமில்லாத சாமான் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் ‘இரட்டை உதயம்’ என்று அதுக்குப் பேர் வந்தது. பயணிக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள், ‘இரட்டை உதயத்தின் இரகசிய அணி’ உறுப்பினர் என்று. வசதி ஒன்றும் தராத பயணத்துக்கு ஒரு கடதாசி!

சிரிப்பாக இருந்தாலும் மலிவு விமானத்தின் முதல் பாடம் இதுக்குள்தான் இருக்கு. விமானத்தில் பாரம் என்றால் எரிபொருள், எரிபொருள் என்றால் காசு. ஒவ்வொரு சோத்துத் தட்டும், அதைச் சூடாக்கும் அடுப்பும், அதைத் தள்ளும் தள்ளுவண்டியும் பாரம்தான்.

அடுத்த பாடம் 1958இல். மட்டக்களப்பு விமான நிலையம் கட்டப்பட்டதும் அதே ஆண்டுதான் என்பது தற்செயல். அந்த ஏப்ரலில் அத்திலாந்திக் கடலுக்கு மேலால் பறக்கும் விமானங்களில் எக்கொனமி வகுப்பு என்ற புது மலிவு வகுப்பு வந்தது. விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா ஒரு விதி போட்டது: இந்த வகுப்பில் இருப்பவர்களுக்கு எளிமையான, ஆறின, விலை குறைந்த சான்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம். ஸ்கண்டினேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் உட்படச் சில ஐரோப்பிய நிறுவனங்கள் ஒரு துண்டுப் பாணுக்கு மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி, இதுவும் சான்ட்விச்தான் என்றன. அமெரிக்க நிறுவனங்களுக்குக் கோபம். சான்ட்விச் என்றால் என்ன என்று பெரிய மனிசர் எல்லாம் கூடி வாதாடினார்கள். கடைசியில் எஸ்ஏஎஸ்சுக்கு 20,000 டொலர் தண்டம்.

நாங்கள் இந்தக் கதையைப் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்தோம். சாப்பாடு குறைந்தது என்று யாரும் தண்டிக்கப்படவில்லை. மலிவு டிக்கெட்காரருக்குச் சாப்பாடு கூடிப்போனது என்றுதான் தண்டம். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு விதமான ஆள் இருக்கிறார் என்பதை நிறுவ ஒரு துண்டுப் பாண் தேவைப்பட்டிருக்கு. கலியாண வீட்டில் முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் பார்த்த எங்களுக்கு இது புதுசில்லை.

பிறகு ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் வந்தார். 1977 செப்டம்பர் 26ஆம் திகதி லண்டனில் இருந்து நியூயோர்க்குக்கு அவரின் ‘ஸ்கைட்ரெய்ன்’ பறந்தது. ஒரு வழி 59 பவுண். முன்பதிவு இல்லை, வரிசையில் நின்று ரயில் டிக்கெட் மாதிரி எடுக்க வேண்டும். சாப்பாடு வேணும் என்றால் காசு கொடுத்து வாங்கு, இல்லாட்டி வீட்டில் இருந்து கொண்டு வா. கம்பனி 1982இல் விழுந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணம் விழவில்லை. அதுக்கு முதல் கடலைத் தாண்ட வழியில்லாத மாணவர்களும் தொழிலாளர்களும் அதில் ஏறினார்கள் என்பதால் லேக்கரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். சோத்தை விட்டுப்போட்டுச் சீட்டைப் பிடித்தவர்கள் தாங்களே தெரிவு செய்தவர்கள். ‘தெரிவு’ என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

2000க்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. 2007 நவம்பரில் ஏர்ஏசியா எக்ஸ் கோலாலம்பூரில் இருந்து அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்குப் பறக்கத் தொடங்கியபோது, போர்வையும் கழுத்துத் தலையணையும் கண்மூடியும் சேர்ந்த ஒரு பொதி தனி விலைக்கு வந்தது. 2008இல் அமெரிக்காவின் ஜெட்புளூ 7 டொலருக்குத் தலையணையும் போர்வையும் விற்றது. அதே ஆண்டு யூஎஸ் ஏர்வேஸ் சோடாவுக்கும் தண்ணிப் போத்தலுக்கும் 2 டொலர் கேட்டுப் பார்த்தது. அது மலிவு நிறுவனம்கூட இல்லை. பயணிகள் கத்தின கத்தில் சில மாதத்திலேயே, 2009 மார்ச்சில், கைவிட்டது. நெடுந்தூர மலிவுச் சேவையை ஐரோப்பாவில் பெரிதாகத் தொடங்கிய நோர்வீஜியன் 2021இல் அந்தப் பாதைகளை மூடிவிட்டது.

எங்கட பக்கத்துக் கதைக்கு வருவோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் தொடங்கினது. அப்போது வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏறினது எயார் லங்கா, கல்ஃப் ஏர், குவைத் எயார்வேஸ் மாதிரியான முழுச்சேவை விமானங்களில். சோறும் கோழியும் இனிப்பும் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கும். அந்தக் காலத்தில் போய் வந்த பெரியம்மாமார் பிளாஸ்டிக் கரண்டியையும் உப்புப் பொட்டலத்தையும் கவனமாக ஊருக்குக் கொண்டு வந்து காட்டியது எங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கு. 2003 ஒக்டோபரில் ஏர் அரேபியா சார்ஜாவில் இருந்து பறக்கத் தொடங்கியது. வளைகுடாவின் முதல் மலிவு நிறுவனம் அதுதான். 2005இல் குவைத்தின் ஜசீரா, 2009இல் ஃப்ளைதுபாய். இலங்கை அரசும் 2007இல் மிஹின் லங்கா என்று ஒன்றைத் தொடங்கி, நட்டத்தில் இழுத்து இழுத்து 2016 ஒக்டோபரில் மூடியது. அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். எழுத ஆளும் இருக்கு.

இந்த விமானங்கள் பலவற்றில் சாப்பாடு விற்பனைக்குத்தான் இருந்தது. மெனு அட்டை சீட்டுப் பையில் இருந்தது. ஃப்ளைதுபாய் 2010இல் ஒவ்வொரு சீட்டுக்கும் தொடுதிரை பூட்டியது. அதிலும் அப்போது படம் பார்க்கக் காசு கேட்டார்கள். கொழும்பில் இருந்து போகும் டிக்கெட்டின் விலை இதனால் குறைந்தது உண்மை. போறவர் தொகை இடையில் குறைந்தாலும் பிறகு கூடியது. 2022இல் மட்டும் 3 லட்சத்து 11 ஆயிரம் பேர் வேலைக்கு என்று இலங்கையை விட்டுப் போனார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் வரிசையும் நீளமானது.

முதல் பயணம் போற ஒரு ராத்தாவை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டை வாங்கியது அவர் இல்லை. வீட்டுப் பணிப்பெண் வேலை என்றால் அந்தக் காசு பெரும்பாலும் அங்கே உள்ள முதலாளியுடையது, எடுத்துக் கொடுப்பது ஏஜென்சி. ஏஜென்சிக்கு வேண்டியது ஆகக் குறைந்த விலை. சாப்பாட்டை முன்கூட்டியே சேர்க்கும் பெட்டி இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போதே வரும். அதில் சரி போடாமல் விடுவதும் ஏஜென்சிதான். அந்தப் பெட்டி இருந்தது என்பதே ராத்தாவுக்குத் தெரியாது. லேக்கரின் பயணி மிச்சம் பிடித்த காசு அவரின்ட பொக்கட்டில் நின்றது. இங்கே மிச்சம் ஒருத்தரின்ட பொக்கட்டில், பசி இன்னொருத்தரின்ட வயித்தில். தெரிவு என்ற சொல் இந்த இடத்தில்தான் உடையுது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மாமி ஒருத்தர் 2011இல் நடந்ததை எங்களுக்குச் சொன்னார். எந்த விமானம் என்பது இங்கே முக்கியமில்லை. “தள்ளிக்கொண்டு வந்து என்ன வேணும் எண்டு கேட்டாள் புள்ள. சும்மா தாறாங்க எண்டுதான் வாங்கினன். ஒரு வாய் வச்ச பிறகு காசு கேக்கிறாள். பேக்குக்குள்ள ரூவாதான் இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. பக்கத்துச் சீட்டில ஒரு சிங்களப் பொம்பிள, கேகாலையாம், அவதான் திர்ஹம் எடுத்துக் குடுத்தா.” அதுக்குப் பிறகு இறங்கும் வரைக்கும் அவர் தண்ணியும் கேட்கவில்லையாம். தாகம் இல்லாமல் இல்லை. தண்ணிக்கு என்ன விலையோ என்ற பயம்.

சரி, லேக்கர் சொன்ன மாதிரி வீட்டில் இருந்து கொண்டு போகலாம்தானே? எங்கட ஆக்கள் எப்பவும் கொண்டு போனவர்கள்தான். புட்டும் மீன் பொரியலும், இடியப்பமும் சம்பலும், வாழையிலையில் கட்டி அதுக்கு மேல் பேப்பர் சுற்றி. போர்க் காலத்தில் புணாணை, வெலிக்கந்தைச் சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தி, அந்தப் பார்சலையும் பிரித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். எவ்வளவுதான் கட்டினாலும் அது பாதி வழியில், பொலநறுவைக்கு அங்கால், ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் முடிந்துவிடும். மிஞ்சினதை விமானத்துக்குள் திறக்க வெட்கம். கருவாட்டுச் சம்பல் மணத்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்ற யோசனை. ஏர்ஏசியா மாதிரிச் சில நிறுவனங்கள் வெளிச்சாப்பாட்டை உள்ளே சாப்பிடவே கூடாது என்று விதியும் வைத்தன. லேக்கர் திறந்து வைத்த கதவையும் அடைத்தாயிற்று.

தண்ணியின் கதை இன்னும் மோசம். 2006 ஓகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்டது. அதன் பிறகு கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோகத் தடை வந்து, உலகம் முழுக்கப் பரவியது. வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றிக்கொண்டு வந்த போத்தல் சோதனை வாசலில் குப்பைத் தொட்டிக்குப் போகும். உள்ளே தண்ணி விற்பனைக்கு. இந்த இரண்டு விதியையும் ஒரே ஆள் போடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளின் தொண்டையில் வந்து முட்டுது.

இலவசப் பிரியாணி கேட்டு நாங்கள் எழுதவில்லை. முதலாளி தரப்பு டிக்கெட் வாங்கும்போது ஒரு சாப்பாடும் ஒரு போத்தல் தண்ணியும் அதுக்குள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதப் பெரிய செலவு இல்லை. பணியகத்தின் பயிற்சி வகுப்பில் துணி துவைக்கும் மெசினை இயக்கப் படிப்பிக்கிறார்கள். விமானத்தில் எது சும்மா, எது காசு என்பதையும் பத்து நிமிசம் சொல்லிக் கொடுக்கலாம். 2019இல் வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பியது 6.7 பில்லியன் டொலர்.

திரும்பி வரும்போது நிலைமை மாறிவிடும். ரெண்டு வருசத்துக்குப் பிறகு வருகிற ஆளின் கையில் திர்ஹமோ ரியாலோ இருக்கும், மெனு அட்டையைப் பார்த்துப் பயம் இருக்காது. வாங்க மட்டும் மாட்டார். அந்தக் காசுக்கு ஊரில் ரெண்டு கிலோ மீன் வாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பார். அவருக்கு வேண்டிய வசதி ஒன்றே ஒன்றுதான்: கிலோ. டிக்கெட்டில் 20 கிலோவா, 30 கிலோவா, 40 கிலோவா? காத்தான்குடிக் கடைகளிலும் ஓட்டமாவடிச் சந்தியிலும் விமான நிறுவனங்களை ஆக்கள் ஒப்பிடுவதே இந்த எண்ணை வைத்துத்தான். சீட்டின் அகலமும் தொடுதிரையும் ஒருத்தருக்கும் கணக்கில்லை. உம்றா போய் வருபவர்களுக்கு 5 லீற்றர் சம்சம் தண்ணியைப் பல நிறுவனங்கள் தனியாக அனுமதிப்பதும் இந்தக் கணக்கில் முக்கியம். போகும்போது தண்ணிக்குத் தவித்த அதே பாதையில் திரும்பி வரும்போது தண்ணிக்குத் தனிச் சலுகை!

அந்த 30 கிலோவுக்குள் என்ன இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நிடோ டின், கோடாலித் தைலம், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, பூப்போட்ட தடித்த கம்பளிப் போர்வை ஒன்று. போர்வைதான் ஆகப் பாரம், 4, 5 கிலோ வரும். அதைப் பெட்டிக்குள் அமுக்கிக் கட்டிப்போட்டு, குளிரூட்டி ஊதும் விமானத்தில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு 5 மணித்தியாலம் இருந்து வருவார்கள். வாவிக்கரைப் புழுக்கத்தில் அதை யாரும் போர்ப்பதில்லை. எங்கட வீடுகளில் அது அலுமாரிக்கு மேல் பொலித்தீன் உறையோடு இன்னும் இருக்கு.